சட்டைப்பைக் குருவி

கட்டிலில் தன் பக்கம் மட்டும் சில்லென்று இருந்தது. செபஸ்டின் அதை முதுகால்தான் முதலில் தெரிந்துகொண்டான்.

கத்திரி வெயில் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஆலத்தியூர் சிமென்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ்ஸில் அரியலூர் வந்து இறங்கி, செந்துறை ரோட்டிலிருந்து வீடு வரை நடப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பொழுது சாய்ந்தும் தளம் போட்ட அந்த வாடகை வீட்டின் சுவர்கள், பகலெல்லாம் குடித்த வெயிலைத் திருப்பிக் கக்கிக்கொண்டிருந்தன. தாழ்ப்பாள் இரும்பு சுட்டது. குடத்துத் தண்ணீர் வெதுவெதுத்தது. மேலே சுற்றிய விசிறி இருக்கிற அனலையே கிண்டிக் கிண்டிக் கீழே இறக்கியது. அப்படிப்பட்ட வீட்டில், வந்த அலுப்பில் கட்டிலில் சாய்ந்தவனின் முதுகுக்கடியில் மெத்தை குளிர்ந்து கிடந்தது. சுவரை ஒட்டிய மனைவியின் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தான், சுட்டது. தன் பக்கத்தைத் தொட்டான். மண்பானையின் அடிப்புறம் போல இருந்தது.

"இங்க தண்ணி ஏதும் கொட்டுச்சா?" என்று கேட்டான்.

அடுப்படியிலிருந்து சுகன்யா மேரி எட்டிப் பார்த்தாள். "இல்லீங்களே. ஏன்?"

"என் பக்கம் ஈரமா இருக்கு."

"வேர்வையா இருக்கும். சட்டையக் கழட்டிட்டுப் படுங்க."

சொல்லிவிட்டுத் திரும்பும்போது அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனது. அவனுக்காக வந்த சிரிப்பாக அது தெரியவில்லை. படுத்த மாத்திரத்தில் மெத்தையைக் குளிர வைக்கிற வேர்வை எந்த ஊரில் இருக்கிறது? குளித்துவிட்டு ஈரத் தலையோடு ஒருத்தன் இங்கே படுத்திருக்கிறான். அந்த நினைப்பு வந்ததும் செபஸ்டினுக்குள் தீ பிடித்தது. அது புதுத் தீ இல்லை, வெகுநாளாகக் கனன்றுகொண்டிருந்ததுதான்.

சுகன்யாவுக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் செல்வநாதன், டிப்பர் லாரி ஓட்டியவன். இதேபோல் ஒரு கத்திரி வெயிலில், தோண்டி முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழியில் குளிக்க இறங்கினான், ஏறி வரவில்லை. அந்தக் குழித் தண்ணீர் மேலாகப் பச்சையாக, இதமாக இருக்கும். ஆள் உயரத்துக்குக் கீழே போனால் பனிக்கட்டிதான். உடலை மேலே எடுத்தபோது தலைமுடி வரைக்கும் வெள்ளைச் சேறு அப்பியிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

செபஸ்டினும் அவர்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவன். செல்வநாதனுக்கு முன்பே அவளைக் கோயிலில் பார்த்து ஆசைப்பட்டவன். வீட்டில் பேச்சை எப்படி எடுப்பது என்று அவன் தயங்கிக்கொண்டிருந்த நேரத்தில் செல்வநாதன் வீட்டார் பெண் கேட்டுப் போய்விட்டார்கள். செல்வநாதன் போன பிறகு பொறுத்திருந்து கேட்டு, அவளைக் கட்டிக்கொண்டான். விதவைக்கு வாழ்வு கொடுத்த நல்ல மனசுக்காரன் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்திலேயே பாராட்டினார். நல்ல மனசாவது ஒன்றாவது! ஆசைதான்.

கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் அவள் பேச்சுவாக்கில் சொன்னாள். "அவருக்குத் தூங்குறதுக்கு முன்னாடி கைவிரல்ல சொடக்கு எடுத்து விடணும். எல்லா விரலுக்கும் சத்தம் வந்தாத்தான் கண்ணையே மூடுவாரு."

செபஸ்டின் உடனே தன் கையை நீட்டினான். அவள் ஒவ்வொரு விரலாக இழுத்துப் பார்த்தாள். ஒன்றிலும் சத்தம் வரவில்லை. "உங்களுக்கு வர மாட்டேங்குது" என்று சிரித்தாள். வெகுளியாகத்தான் சிரித்தாள். அவனுக்கு அது செத்தவன் எதிரில் தோற்றுப்போனது போல இருந்தது. மறுநாளே செல்வநாதனின் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி, பழைய பேப்பரில் சுற்றிப் பரண்மேல் போட்டான்.

அதோடு விட்டிருக்கலாம். செல்வநாதன் இறந்த தேதியில் வருஷா வருஷம் அவன் பேருக்கு ஒரு பூசை கொடுப்பாள் சுகன்யா. பூசை தொடங்கும்போது சாமியார் அந்தப் பேரைப் படிப்பார். சபை முழுக்க அவன் ஆன்மா இளைப்பாற மன்றாடும். இந்த வருஷம் செபஸ்டின் முடியாது என்றுவிட்டான். என் பெண்டாட்டி இன்னொருத்தன் பேருக்குப் பூசை கொடுத்தால் நான் எதற்கு இருக்கிறேன் என்று கத்தினான்.

"பூச இல்லாம அவரு எங்கங்க போவாரு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தத் தேதி போன வாரம்தான் கடந்து போயிருந்தது. ஆனால் கட்டிலின் குளிர்ச்சியையும் அதையும் சேர்த்துப் பார்க்க செபஸ்டினுக்குத் தோன்றவில்லை. அவன் தேடியது உயிரோடு இருக்கிற ஒருத்தனை. சுகன்யா கன்னியர் பள்ளியில் டீச்சர், கோடை விடுமுறை, பகல் முழுக்க வீட்டில் தனியாக இருக்கிறாள். வேறென்ன யோசிப்பான்?

ஆலையில் அவன் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். சூளையின் சூட்டையும் பெல்ட்டின் ஓட்டத்தையும் ஆளுக்குப் பதிலாகக் கவனித்துச் சொல்லும் கருவிகளோடு புழங்குகிறவன். மனுஷர் பொய் சொல்வார்கள், மீட்டர் சொல்லாது என்பது அவன் நம்பிக்கை. அதனால் பெண்டாட்டியிடம் கேட்பதை விட்டுவிட்டு ஒரு கருவி செய்ய உட்கார்ந்தான்.

எந்த மாதிரி செய்வது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தான். வாசலின் குறுக்கே கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு போடலாம்; அதற்கு எதிரெதிரே இரண்டு பெட்டி வேண்டும், கூட்டும்போது பார்த்துவிடுவாள். ஒலி அலை விட்டுப் பார்க்கிறது ஒன்று உண்டு. அது விசிறிக்கும் திரைச்சீலைக்கும்கூடக் கூப்பாடு போடும். கடைசியில் உடம்புச் சூட்டைப் பிடிக்கும் சென்சாரையே எடுத்தான். மனுஷ உடம்பு சுவரைவிடச் சூடு. சூடான ஒன்று குறுக்கே நகர்ந்தால் அதற்குத் தெரிந்துவிடும். திருச்சிக்குப் போய் வாங்கி வந்தான். கூடவே குருவிச் சத்தம் போடுகிற, ஒயரில்லாத சைனா காலிங் பெல் ஒன்று. பெல்லின் பித்தானை யாரோ அமுக்குவது போல சென்சாரே அமுக்குகிற மாதிரி இரண்டையும் இணைத்து, ஒரு பேட்டரியோடு சோப்பு டப்பாவுக்குள் அடக்கினான். எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம். சத்தம் போடுகிற பெட்டி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, சட்டைப்பையில் அடங்கியது. ஆள் நடமாடினால் பையிலிருந்து குருவி கத்தும்.

இந்த வேலையெல்லாம் தெருக்கோடியில் இருக்கும் வெள்ளைச்சாமியின் டிவி ரிப்பேர்க் கடையில் நடந்தது. சால்டரிங் புகைக்குள் குனிந்து வெள்ளைச்சாமி சென்சாரின் வெள்ளைக் கண்ணாடிக் குமிழைப் பார்த்தான்.

"என்னா செபஸ்டினு, கோழி முட்டைய அறுத்து ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு?"

"ஆளு குறுக்க போனா காட்டிக் குடுக்கும். கம்பெனி ஸ்டோருக்கு."

"கம்பெனி சாமானுக்கு நீ ஏன் கையச் சுட்டுக்குற?" செபஸ்டின் டப்பாவை மூடினான். "சரி விடு. எங்க வூட்டுல கருவாட்டுக் கொழம்பு வெச்சா கடையில கத்துற மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு குடு. கதவச் சாத்திட்டு ஓடிருவேன்."

மறுநாள் காலை சுகன்யா குளிக்கப் போன நேரத்தில் செபஸ்டின் படுக்கையறைப் பரணில் ஏறினான். பித்தளை அண்டாவுக்குப் பின்னால் டப்பாவை வைத்தான். அது சாய்ந்தது. முட்டுக் கொடுக்க வாகாகப் பேப்பர் சுற்றிய போட்டோ கிடந்தது. அதன்மேல் சாய்த்து நிறுத்தினான். கண்ணாடிக் குமிழின் மேல் கறுப்பு டேப் ஒட்டி, கட்டிலில் தன் பக்கமும் அங்கிருந்து அறைக்கதவு வரைக்குமான தரையும் மட்டும் தெரிகிற மாதிரி மறைத்தான். பிறகு யூனிபாரம் மாட்டி, டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவது போலக் கிளம்பி, நேராக வெள்ளைச்சாமி கடைக்குள், தன் வீட்டு வாசல் தெரிகிற மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

காலையில் குருவி அவ்வப்போது கத்தியது. கூட்டுகிறாள். படுக்கையை உதறுகிறாள். அவன் பெண்டாட்டி அவன் சட்டைப்பைக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள். வெட்கங்கெட்ட சந்தோஷம் ஒன்று அதில் இருக்கத்தான் செய்தது.

வெயில் ஏற ஏறக் குருவியின் சத்தம் குறைந்து, உச்சிப்பொழுதுக்கு முன்பே அடங்கிவிட்டது. கரண்டும் போனது. கடைகளின் விசிறிகள் ஒவ்வொன்றாக நின்ற பிறகு தெருவில் காதைக் குடைகிற ஒரு நிசப்தம் வந்து உட்கார்ந்தது. கல் ஏற்றிய லாரிகள் தூரத்து ரோட்டில் உறுமிப் போனதும், வேப்பிலைகளின் மேல் படிந்திருந்த வெள்ளைத் தூசி காற்றில்லாமலே உதிர்வதும், உருகிய தாரின் வாடையும் தவிர ஒன்றுமில்லை. நாய்கூட சாக்கடைக்குள் இறங்கிப் படுத்திருந்தது. வெள்ளைச்சாமி பெஞ்சில் வாயைப் பிளந்து தூங்கினான். வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்த செபஸ்டினின் கண் எரிந்தது. அந்தப் பக்கம் ஒரு ஆள் போகவில்லை.

குருவி கத்தியது.

நிறுத்தி, மறுபடியும் கத்தியது. பிறகு விடாமல்.

ஓடினான். வாசல்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கூடத்தைத் தாண்டி அறைக்கதவைத் தள்ளினான். சுகன்யா சுவரோரம் தன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. அவன் பக்கத்துத் தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான். பின்கதவுக்குப் போனான், உள்ளே தாழ் போட்டிருந்தது. ஜன்னல்களில் கம்பி. பீரோவைத் திறந்தான். தண்ணீர்த் தொட்டிக்குள்கூட எட்டிப் பார்த்தான்.

"வேலைக்குப் போவலியா? என்னத்தத் தேடுறீங்க?"

"யாரு வந்தா?"

"இந்த வெயில்ல யாருங்க வருவா?"

அவள் எழுந்து உட்கார்ந்து கூந்தலை முடிந்தாள். செபஸ்டின் அவள் மணிக்கட்டைப் பிடித்தான், உலுக்கிக் கேட்பதற்காகத்தான். பிடித்த கையை உடனே விட்டுவிட்டான். விசிறி ஓடாத அந்த அறையில் அவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. கை, தண்ணீருக்குள் வெகுநேரம் வைத்திருந்து எடுத்தது போல இருந்தது. அறையில் ஒரு வாடை வேறு. சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் எழுகிற வாடை. ஆலையில் நாள்தோறும் மோந்ததுதான். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் தரையில் வெள்ளையாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது. அரியலூரில் எங்கேதான் வெள்ளைத் தூசி இல்லை? காலால் தேய்த்துவிட்டு வெளியே வந்தான்.

வந்தவன் பெரிய கைகாரன் என்று நினைத்துக்கொண்டான். எப்படிப் போனான் என்பது மட்டும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மரியாயின் சேனை ஜெபக்கூட்டம் இருக்கிறது என்று சுகன்யா கோயிலிலேயே தங்கிவிட்டாள். செபஸ்டின் தனியாக வீட்டுக்கு வந்தான். கருவியில் ஏதும் கோளாறா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. உச்சிவேளை. அறைக்கதவிலிருந்து கட்டிலுக்கு நடந்தான். பையில் சத்தமில்லை. திரும்பி நடந்தான். கையை வீசினான். பரணைப் பார்த்துக் குதித்தான். பெண்டாட்டியின் கட்டிலுக்கு முன்னால் தனியாகக் குதிக்கிற தன் கோலத்தை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது. பேட்டரியை மாற்றினான். அப்போதும் இல்லை. கருவிக்கு அவன் தெரியவே இல்லை.

ஆலையிலிருந்து கொண்டு வந்திருந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுத்து அறைச்சுவரில் வைத்தபோதுதான் புரிந்தது. சுவரும் காற்றும் மெத்தையும் மனுஷ உடம்பின் சூட்டுக்கு ஏறியிருந்தன. எல்லாம் ஒரே சூடு. சுவரின் மேல் சுவர் நகர்ந்தால் யாருக்குத் தெரியும்? இந்த ஊர் வெயிலை மறந்துவிட்டு, குளிர்ந்த நாட்டுக்காரன் கண்டுபிடித்த சாமானை வாங்கி வைத்தது தன் முட்டாள்தனம் என்று தலையில் அடித்துக்கொண்டான். இந்த நேரத்துக்கு இந்த அறையில் எந்த ஆம்பளை நடந்தாலும் குருவி கத்தாது.

அடித்த கை தலையிலேயே நின்றது.

அன்றைக்குக் கத்தியதே. இதே நேரம். விடாமல்.

முக்குச் சந்தில் சர்பத் வண்டிக்காரனிடம் போய் ஒரு துண்டு ஐஸ் வாங்கி, துணியில் சுற்றிக் கொண்டு வந்தான். கதவோரம் நின்று, ஐஸைக் கையில் பிடித்துப் பரணுக்கு நேராக மெல்ல வீசினான்.

குருவி கத்தியது.

இன்னொரு முறை வீசினான். கத்தியது. சூடு குறைவாக இருந்தாலும் அதற்கு வித்தியாசம்தானே. ஐஸைக் கொண்டுபோய்க் கூடத்துத் தரையில் வைத்துவிட்டு வந்து வெறுங்கையை வீசினான். சத்தமில்லை. அப்படியானால் அன்றைக்கு இந்தக் கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நடந்தது சூடான உடம்பு இல்லை. கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றான். கூடத்தில் ஐஸ் உருகி ஒரு சொட்டு ஓடும் சத்தம் கேட்டது. வீட்டில் அவன் ஒருத்தன்தான்.

பையில் குருவி கத்தியது.

அவன் அசையவில்லை. மறுபடி கத்தியது. கணுக்காலில் சில்லென்று ஏதோ உரசிப் போனது. நனைந்த வேட்டி நுனி போல. சுண்ணாம்பு வாடை. கட்டிலில் அவன் பக்கத்து விரிப்பு மெல்ல அழுந்தியது. ஆள் உட்காரும் அளவுக்கு. பிறகு, படுக்கும் அளவுக்கு.

சொடக்.

விரல் முறிகிற சத்தம். ஒரே ஒரு விரல்.

செருப்பில்லாமல் தெருவில் ஓடினான். உருகிய தார் காலைச் சுட்டது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

சுகன்யா வருகிறவரை வேப்பமரத்தடியிலேயே நின்றான். அன்று ராத்திரி கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டான். என்னங்க என்றுகூட அவள் கேட்கவில்லை. அறைக்குள் போய்ப் படுத்தாள். பயத்தைவிட அதுதான் அவனை அறுத்தது. செத்தவனைக்கூட அந்தக் கட்டிலில் என் பக்கத்தில் சேர்த்துக்கொள்கிறாளே!

விடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. போக வழியில்லாமல் வந்தவனுக்கு வழி விட வேண்டும். கோயிலுக்குப் போனான். பங்கு அலுவலகத்தில், பூசைக்குப் பேர் எழுதுகிற உபதேசியார் மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"வாப்பா செபஸ்டின். என்னா காலையிலேயே?"

"ஒரு பூச குடுக்கணுங்க. ஆன்மா இளைப்பாற்றிக்கு."

"குடுத்தாப் போச்சு. நாளைக்கே வெச்சுரலாம். யாரு பேருக்கு?"

வாயைத் திறந்தான். சாமியார் அந்தப் பேரைப் படிப்பார். பெண்கள் பக்கத்தில் சுகன்யா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தலை குனிவாள். அவள் உதடு நடுங்கும். கண்ணில் தண்ணீர் திரளும். எத்தனையோ நாள் பக்கத்தில் படுத்தும் தனக்காக ஒருமுறைகூட அந்த முகத்தில் வராத ஒன்று, சபை நடுவில் எல்லாரும் பார்க்க, அவனுக்காக வரும். தொண்டைவரை வந்த பேர் அங்கேயே நின்றது.

"யாரு பேருக்குப்பா?"

"எங்க அப்பா பேருக்குங்க" என்றான் செபஸ்டின்.

வெளியே வந்ததும் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது. திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. கோயில் மதிலோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பூசை எதற்கு, அந்த வீட்டைக் காலி பண்ணினால் போதும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். சுகன்யாவை இன்றைக்கே ஏலாக்குறிச்சியில் அவள் அம்மா வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டால் செத்தவன் தனியாக அந்தக் கட்டிலைக் கட்டிக்கொண்டு கிடக்கட்டும்.

வெயில் நடுமண்டைக்கு ஏறியபோது தெருவுக்குள் நுழைந்தான். வெள்ளைச்சாமி கடையைத் தாண்டும்போதே பையில் குருவி கத்தத் தொடங்கியது.

"செபஸ்டினு, கம்பெனி ஸ்டோர்ல திருடன் பூந்துட்டான் போலிருக்கே!" என்று கடைக்குள்ளிருந்து குரல் வந்தது.

அவன் திரும்பவில்லை. குருவி கத்திக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லை. விசிறிச் சத்தமில்லை. தெரு முழுக்க வெள்ளை வெயில். வாசல்கதவின் பிடி சுட்டது. உள்ளே காலை வைத்தான். கூடம் அடுப்பு போலக் காந்தியது. அறைக்கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருந்தது. அதன் வழியே குளிர் கசிந்து வந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது.

சொடக்.

குருவி நின்றது.

சொடக்.

கதவைத் தள்ளினான்.

சுகன்யா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் எதையோ வைத்திருந்தாள். இடது கை எதையோ தாங்கியிருந்தது. வலது கை, இல்லாத ஒரு விரலைப் பற்றிப் பதமாக இழுத்தது. சொடக். அடுத்த விரலுக்கு நகர்ந்தது. சேலை மடியில் வெள்ளையாகத் தண்ணீர் சொட்டி ஊறிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்து மெத்தை, தலையணையிலிருந்து கால்மாடு வரைக்கும் பள்ளமாக அழுந்தியிருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகம். கோயிலில் பார்க்கப் பயந்தானே, அதே முகம்.

"சுகன்யா."

அவள் நிமிரவில்லை.

"சுகன்யா, எந்திரி. அம்மா வூட்டுக்குப் போவோம். வா."

"கதவச் சாத்துங்க" என்றாள் மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடக் கூடாது என்பவள் போல. "வெக்க உள்ள வருது. அவருக்கு ஆவாது."

செபஸ்டின் நிலைப்படியில் நின்றான். பரணிலிருந்து அந்த முட்டைக் கண் அவனை நேராகப் பார்த்தது. கையை வீசினான். குருவி கத்தவில்லை. இரண்டு கையையும் வீசினான். இல்லை. அதற்கு அவன் சுவர். அவன் காற்று.

"நாந்தான் உன் புருஷன்" என்று கத்தினான்.

மெத்தைப் பள்ளம் மெல்ல நிரம்பியது. கட்டில் ஒருமுறை முனகியது.

குருவி கத்தியது.

தரையில் ஈரமாக ஒரு வெள்ளைப் பாதம். குருவி கத்தியது. இன்னொன்று. அவனை நோக்கி. அவசரமில்லாமல். இன்னொன்று. முகத்தில் சுரங்கத் தண்ணீரின் மூச்சு பட்டது. மூக்குக்குள் சுண்ணாம்பு எரிந்தது. கால் தானாகப் பின்னால் போனது. ஓர் அடி. கூடத்துக்குள்.

கதவு தானாகச் சாத்திக்கொள்ளத் தொடங்கியது.

இடுக்கு குறுகியது. அந்த இடுக்கு வழியே சுகன்யா தெரிந்தாள். கட்டிலை விட்டு அவள் அசையவில்லை. இரண்டு கையும் மடியில் இருந்தன. உள்ளங்கை மேலே பார்க்க. காத்துக்கொண்டு.

கதவு சேர்ந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

சட்டைப்பையில் குருவி ஒருமுறை கத்தியது. கதவிலிருந்து விலகி, கட்டிலை நோக்கி, இன்னொரு முறை.